பொலிகாளையா, சினை ஊசியா?

அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பக்கம் மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்பது இது: பசுவைச் சினையாக்கக் காளையோடு சேர்ப்பதா, விந்தைச் செலுத்தும் சினை ஊசி போடுவதா?

நோய்
காளை: சேர்க்கையில் பரவும் ட்ரைக்கோமோனாஸ், விப்ரியோ கிருமிகள் தொற்றினாலும் திடமாகவே தெரியும், சேரும் பசுவுக்கெல்லாம் பரப்பும். பசு சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்தும்.
ஊசி: சோதித்த காளையின் விந்து, அந்த வழி அடைபடும்.

சினைப் பிடிப்பு
காளை: பருவத்தை மோந்தே அறியும்.
ஊசி: காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். உறைந்த விந்துக்குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி உருக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்தால் உயிரணு சாகும்.

கன்று கலையவைக்கும் புருசெல்லா நோய்க்குச் சினை ஊசி மட்டும் போதாது. கலைந்த கன்றும் இளங்கொடியும் (நஞ்சுக்கொடி) அதைப் பரப்பும், மனிதருக்கும் தொற்றும். இளங்கொடியை ஆலமரத்தில் கட்டாதீர்கள், இரண்டையும் கையுறையோடு எடுத்து, சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். கிடேரிக் கன்றுக்கு 4–8 மாத வயதில் புருசெல்லா தடுப்பூசி.

வீட்டில் ஒன்றிரண்டு கறவையா? ஊசிதான். பருவம் பார்க்க ஆளில்லாத மேய்ச்சல் மந்தையா? சோதித்த சொந்தக் காளை. வெளிமாட்டுக்கு விடவே கூடாது.