பேஸ்மென்ட்டை விற்பனைக்குத் தயார்செய்ய: வாடகைச் சாமானா, சொந்தச் சாமானா?

தரைவீட்டை (நிலத்தோடு சேர்ந்த வீட்டை) விற்கப்போகும் பலர் பேஸ்மென்ட்டுக்கு வந்ததும் தயங்குகிறார்கள்: பார்க்க வருபவர்களுக்கு அறையை அழகாகக் காட்ட சோபா, மேசை போன்ற சாமானை வாடகைக்கு எடுப்பதா, சொந்தச் சாமானையே வைப்பதா?

செலவு: வாடகை என்றால் வீடு விற்கும்வரை பணம் போகும். சொந்தச் சாமான் என்றால் சுவருக்கு வெள்ளைப் பெயின்ட்டும் நாலு நல்ல விளக்கும் போதும்.

ஈரம்: இதுதான் பெரிய விஷயம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சன்னல் இல்லாத அறையில் பழைய துணிச் சோபா பூஞ்சை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பார்க்க வருபவர் படியிறங்கும்போதே நீர்க்கசிவோ என்று சந்தேகப்படுவார். உண்மையிலேயே கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சோபா போட்டு மறைப்பது நியாயமில்லை. வாடகைச் சாமானிலும் ஈரம் ஏறும், டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) ஓடட்டும்.

சிரமம்: சாமானை வாடகைக்குக் கொடுப்பவர்களே பெரும்பாலும் ஏற்றி இறக்குவார்கள்.

இன்னும் குடியிருக்கிறீர்களா? சொந்தச் சாமானில் பாதியைக் குறைத்து, குடும்ப அறையாகக் காட்டுங்கள். காலி வீடு என்றால் வாடகைதான் சரி.