ஊசி மருந்து வாங்கினால் பேட்ச் எண் போட்ட பில் இல்லாமல் நகராதீர்கள்

கம்பெனி ஒரு மருந்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அந்தச் செய்தி பெரும்பாலும் ஸ்டாக்கிஸ்ட் (மொத்த வியாபாரி) வழியாக மருந்துக்கடை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் குப்பியைத் தேடி யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டில் சமீபத்தில் இதுதான் நடந்தது.

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டியிருந்தது. வழக்கமாக வாங்கும் கடையில் மொத்தமாக வாங்கி வைத்தோம். தெரிந்த சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து போடுவார். அந்தத் தூளில் ஊசி நீரைக் கலந்தால் லேசான மஞ்சளாக, தெளிவாக வர வேண்டும். அன்றைக்குக் கலந்ததில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. சிஸ்டர் டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை நான் போட மாட்டேன்மா" என்று வைத்துவிட்டார். இன்னொரு குப்பியைக் கலந்தால் அதுவும் அப்படியே. மாத்திரை என்றால் குடலும் ஈரலும் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். நரம்பில் ஏற்றுவது நேராக ரத்தத்தில் கலக்கிறது. அந்தத் துணுக்கு நுரையீரல் வரை போய் அடைக்கலாம். அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். முதலில், "நல்லாக் குலுக்குங்கண்ணே, கரைஞ்சிரும்" என்றார். விடாமல் நின்றதும், "இது எங்க கடைச் சரக்கே இல்லை, பில் காட்டுங்க" என்றார். அவர் கொடுத்தது மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. ஜிபேயில் பணம் போனது தெரியும், என்ன மருந்துக்குப் போனது என்று தெரியாது.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த பேட்ச்சை, அதாவது ஒரே தடவையில் தயாரான அந்த மருந்துத் தொகுதியை, திரும்பப் பெறும் கடிதம் நான் குப்பியைக் கொண்டுபோவதற்கு முன்பே கடைக்கு வந்திருக்கிறது. மிச்சம் இருந்த குப்பிகளை ஸ்டாக்கிஸ்ட்டுக்கு அனுப்பி, தன் பணத்துக்கு கிரெடிட் நோட்டும் (அந்தத் தொகையை வரவு வைத்த சீட்டு) கடைக்காரர் வாங்கிவிட்டார். வாங்கிப் போனவர்களுக்கு ஒரு போன் கூட இல்லை. இத்தனைக்கும், மாதம் பிறந்தால் "பிரஷர் மாத்திரை தீர்ந்துச்சா?" என்று அம்மா பெயர் போட்டு வாட்ஸ்அப் அனுப்புகிறவர் அவர்!

முடியாத காரியமா இது? 2012ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தயாரான ஒரு ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து, 750 பேருக்கு மேல் மூளை உறைக் காய்ச்சலும் மற்ற தொற்றுகளும் வந்தன. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மருந்து சுமார் 14,000 பேருக்குப் போடப்பட்டிருந்தது. அவர்களில் ஏறக்குறைய எல்லாரையும் சில வாரங்களுக்குள் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டார்கள். யாருக்கு எந்த மருந்து போட்டோம் என்ற பதிவு கிளினிக்குகளில் இருந்ததால்தான் அது முடிந்தது. நம்மிடம் துண்டுச் சீட்டு.

அதனால் ஊசி மருந்து வாங்கும்போது பேட்ச் எண், காலாவதித் தேதி, கம்பெனி பெயர் மூன்றும் உள்ள பில் கேளுங்கள். கொடுக்க முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஒவ்வொரு குப்பியின் லேபிளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து குறிப்பிட்ட 300 மருந்து பிராண்டுகளின் லேபிளில் கியூஆர் கோடு கட்டாயம். ஆனால் அதை ஸ்கேன் செய்தால் பேட்ச் விவரம் வருமே தவிர, மருந்து திரும்பப் பெறப்பட்டதா என்பது வராது. அதற்கு, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்லி உடனே வேறு மருந்து வாங்குங்கள், ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட பிறகு குளிர், நடுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அப்புறம் மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கும் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யுங்கள். பிரிக்காத குப்பிகளைத் தூக்கி எறியாதீர்கள், கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பரிசோதனைக்கு அவைதான் வேண்டும். மருந்து வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம், 1940ஆம் வருடத்து மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதற்கு வழி கொடுக்கிறது.

புகார் போனது தெரிந்ததும் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, முழுப் பணத்தையும் தருகிறேன், குப்பிகளைக் கொடுத்துவிடுங்கள் என்றார். குப்பிகள் அதற்குள் மருந்து ஆய்வாளரிடம் போய்விட்டன.