சர்வரைப் பெரிசாக்கச் சொல்லியே காசு பிடுங்குகிறார்கள், ஆன்லைன் கடைக்காரர்கள் கவனம்

பினாங்கு, கோலாலம்பூர் பக்கம் இணையத்தில் கடை நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எனக்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூஜை சாமான் கடை, இணையத்திலும் விற்கிறேன். தளத்தைச் செய்து கொடுத்து மாதாமாதம் பராமரித்தது ஒரு உள்ளூர் கம்பெனி.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும், தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள் செம்பு, மஞ்சள் வேட்டி, காவடிக்கு மயிலிறகு என்று ஆர்டர் போடுகிற நேரம் பார்த்துத் தளம் திணற ஆரம்பித்தது. கூப்பிட்டுக் கேட்டால், "அண்ணே, கூட்டம் அதிகம், சிபியு 95 சதவீதம் ஓடுது, சர்வரைப் பெரிசாக்கணும்." (சர்வர் என்றால் தளம் ஓடுகிற கம்ப்யூட்டர், சிபியு அதன் மூளை.) சரி என்றேன். மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) பில் 900 ஆனது. பங்குனி உத்திரம் முடிவதற்குள் அதே பேச்சு மறுபடியும், 1,700. திருவிழா எல்லாம் முடிந்து வியாபாரம் படுத்த பிறகும் சிபியு இறங்கவே இல்லை. நாளைக்கு முப்பது நாற்பது ஆர்டர் வருகிற கடைக்கு எதற்கு இவ்வளவு பெரிய மெஷின்?

பயான் லெப்பாஸில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் சொன்னேன். கிளவுட் கணக்கு, அதாவது சர்வரை வாடகைக்கு எடுத்த கணக்கு, கம்பெனியின் பெயரில் இருந்ததால் உள்ளே பார்க்க அனுமதி வாங்கவே இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். எந்தக் கட்டளை எவ்வளவு நேரம் தின்கிறது என்று, தளத்தின் தகவலெல்லாம் சேமிக்கிற டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸிலேயே எடுத்துப் பார்க்கலாமாம். பார்த்தவன், "மாமா, வாங்கணும்னே இல்ல, யாராச்சும் ஒரு பொருளைப் பார்த்தாலே டேட்டாபேஸ்ல எழுதுது" என்றான்.

'இத்தனை பேர் பார்த்தார்கள்' என்று பக்கத்தில் ஒரு எண் இருக்கிறதே, அதற்காக ஒவ்வொரு பார்வைக்கும் பொருள்களின் பட்டியலான டேபிளில் ஒரு அப்டேட். போஸ்ட்கிரெஸ் பழைய வரியின் மேலேயே எழுதாது, புதுப் பிரதி ஒன்றை எழுதும், பழையதை அப்புறம் வேக்யூம் என்கிற துப்புரவு வேலை வந்து கூட்டித் தள்ளும், அதற்கும் சிபியு வேண்டும். போதாததற்கு அந்த எண்ணின் மேலேயே ஒரு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) போட்டிருந்தார்கள், அதனால் டேபிளில் இருந்த 11 இண்டெக்ஸிலும் ஒவ்வொரு தடவையும் புதுப் பதிவு. அதில் ஆறு ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. செஷனும், அதாவது வந்தவரைத் தளம் நினைவில் வைக்கிற பதிவும், டேட்டாபேஸில்தான்: தேடுபொறிகளின் ரோபோக்கள் பொதுவாக அந்தச் செஷனை அடையாளம் காட்டும் குக்கீயை வைத்துக்கொள்வதில்லை, ஆகவே அவை திறந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதுச் செஷன் வரி!

இரண்டு சாயங்காலத்தில் சரி செய்துவிட்டான். பார்வை எண்ணிக்கை மெமரியிலேயே வைத்து வேலை செய்கிற ரெடிஸ் என்கிற சேமிப்பில் சேர்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக டேட்டாபேஸுக்குப் போகிறது, செஷனும் அங்கேயே போய்த் தானாகக் காலாவதியாகிறது, வேண்டாத இண்டெக்ஸ்கள் போயின, ஒவ்வொரு வரியாகத் தனித்தனியே பதிவான லாக் (தளத்தில் நடப்பதன் குறிப்பு) இப்போது 500 வரி சேர்த்து ஒரே தடவையில் (ஒரே டிரான்ஸாக்ஷனில்) ஏறுகிறது. சிபியு 10 சதவீதத்துக்குக் கீழே. பழைய சின்ன மெஷினுக்கே திரும்பிவிட்டோம்.

எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. அந்தப் பார்வை எண்ணிக்கைக்கான புரோகிராம் வரிகளுக்குப் பக்கத்தில், 'இதை மொத்தமாக எழுத வேண்டும்' என்று அவர்களின் புரோகிராமரே முந்தின வருஷம் குறிப்பு போட்டிருக்கிறார். தெரிந்தேதான் என்னிடம் இரண்டு தடவை மெஷினை விற்றார்கள். மெஷினின் அசல் விலையோ என் பில்லில் பாதிகூட இல்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் விசாரித்தேன், சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான் அது, வியாபாரத்துக்கு எடுக்க மாட்டார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை வழக்கு உண்டு, வக்கீல் வேண்டாம், தனி ஆளாகப் போடலாம். நான் கூடுதலாகக் கட்டியது 3,600, கடை என் ஒருத்தன் பெயரில்தான், அடுத்த வாரம் பதியப் போகிறேன். உங்களிடம் யாராவது சர்வரைப் பெரிசாக்கச் சொன்னால், எந்தக் கட்டளை சிபியுவைத் தின்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், கிளவுட் கணக்கை இன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், பழைய இன்வாய்ஸ் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள்.