ஹாங்க் ஆரோன்: 1956 அட்டையா, 1957 அட்டையா?

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரோனின் படத்துடன் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பழைய சேகரிப்பு அட்டைகளில் என்னை விடாமல் இழுப்பவை இந்த இரண்டும்தான். இரண்டிலுமே பிழை உண்டு.

1957 அட்டையில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டுவிட்டார்கள். வலக்கை ஆட்டக்காரரான ஆரோன் இடக்கைக்காரராக நிற்கிறார். சட்டையில் உள்ள 44 கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கிறது. அந்த ஆண்டுதான் அவர் சரியாக 44 ஹோம் ரன் அடித்தார், அவருடைய அணியான மில்வாக்கி பிரேவ்ஸ், பேஸ்பாலின் பெரிய பட்டமான வேர்ல்ட் சீரிஸை வென்றது. பிழை பார்த்தவுடன் புரிந்துவிடும்.

1956 அட்டையின் பிழை ஒளிந்திருக்கிறது. கிடைமட்ட அட்டை. ஆரோனின் பெரிய முகம். பக்கத்தில், ஓட்டத்தை முடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கி வரும் வீரர். அவர் ஆரோன் அல்ல, வேறோர் அணியின் நட்சத்திரமான வில்லி மேஸ்! மேஸின் படத்தின்மேல் பிரேவ்ஸ் உடையைத் தீட்டியிருக்கிறார்கள்.

இரண்டையும் டாப்ஸ் திருத்தி அச்சிடவில்லை. எல்லாப் பிரதிகளும் இப்படித்தான். 'அரிய பிழை அட்டை' என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். மூலைகள் மழுங்காமல் இருக்கின்றனவா, படத்தைச் சுற்றிய ஓரம் நாற்புறமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

1956 அட்டை அளவில் சற்றுப் பெரியது, அட்டைகளைப் பாதுகாக்கும் இன்றைய வழக்கமான உறைக்குள் அடங்காது. இருந்தாலும் என் தேர்வு அதுதான். ஒரே அட்டையில் ஆரோனும் மேஸும் வேறெங்கே இப்படிச் சேர்ந்திருக்கிறார்கள்?