மட்டுறுத்தும் அதிகாரம் யார் கையில்? மாஸ்டடான், லெம்மி, புளூஸ்கை: ஓர் ஒப்பீடு

எந்த ஒரு நிறுவனத்தின் தனி ஆளுகைக்கும் உட்படாமல் இயங்க முனையும் சமூக வலைத்தளங்களில், வசவையும் குப்பைப் பதிவுகளையும் யார் தடுப்பது, அதாவது மட்டுறுத்துவது, என்ற கேள்விக்கு இன்று இரண்டு வகையான விடைகள் முன்வைக்கப்படுகின்றன. தனித்தனியே நடத்தப்படும் சர்வர்கள் தம்முள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள வகைசெய்வது ஆக்டிவிட்டிபப் நெறிமுறை; இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் அதைத் தரநிலையாக ஏற்றது. அதில் இயங்கும், ட்விட்டரை ஒத்த மாஸ்டடானும் ரெடிட்டை ஒத்த விவாதத் தளமான லெம்மியும் அப்பொறுப்பைச் சர்வர் நடத்துபவரிடம் ஒப்படைக்கின்றன. ட்விட்டரை ஒத்த இன்னொரு தளமான புளூஸ்கையோ அதைப் பல சேவைகளுக்குப் பங்கிட்டு, எதைப் பார்ப்பது என்ற முடிவைப் பெருமளவு பயனரிடமே விடுகிறது.

மாஸ்டடானில் ஒருவரை வேறொரு சர்வரில் உள்ளவர் பின்தொடர்ந்தால், பின்தொடரப்படுபவரின் பதிவின் நகல் பின்தொடர்பவரின் சர்வரிலும் சேமிக்கப்படும். எனவே வெளியிலிருந்து வந்த அவதூறை உள்ளூர் நிர்வாகி நீக்கினாலும் அவரிடமுள்ள நகல் மட்டுமே மறையும். மூலப் பதிவு பிறந்த இடத்தில் அப்படியே இருக்கும். எழுதியவரின் கணக்கைத் தம் சர்வரில் முடக்கலாம், புகாரை அங்குள்ள நிர்வாகிக்கு அனுப்பலாம். அவர் கண்டுகொள்ளாமல் இருக்க, புதுப்புதுக் கணக்குகள் முளைத்துக்கொண்டே இருந்தால், அந்தச் சர்வரையே மட்டுப்படுத்துவதும் (அதன் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து மறைப்பது) அடியோடு துண்டிப்பதும்தான் மிஞ்சும். 2019 ஜூலையில் தீவிர வலதுசாரிகளின் புகலிடமான காப் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது இந்த ஆயுதம் நன்றாகவே வேலை செய்தது. அதை வலையமைப்பிலிருந்து வெளியேற்ற எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆயினும் பெரும்பாலான சர்வர்கள் தொடர்பை அறுத்துக்கொண்டதால் அது தனித்துப்போயிற்று.

காப் விஷயத்தில் எதிரி யார் என்பதில் ஐயமில்லை. 2023 ஜூனில் லெம்மியில் நிகழ்ந்தது அத்தனை தெளிவானதன்று. வெளிச் செயலிகள் தன் தரவைப் பெறும் வழியான ஏபிஐ-க்கு ரெடிட் விதித்த புதிய கட்டணத்தை எதிர்த்துப் பலர் அங்கு வந்து குவிந்தனர். விண்ணப்பம் வாங்கிப் பரிசீலித்தே உறுப்பினரைச் சேர்க்கும் பீஹா என்ற சர்வர், எவரும் உடனே சேரக்கூடிய லெம்மி.வேர்ல்டு உள்ளிட்ட இரு பெரிய சர்வர்களைத் துண்டித்தது. அவற்றோடு அதற்குக் கொள்கைப் பகை எதுவும் இல்லை. அங்கிருந்து வந்த சில தொல்லைக்காரர்களைச் சமாளிக்க, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தன்னார்வ நிர்வாகிகளுக்கு நேரமும் போதவில்லை, லெம்மியில் அன்று இருந்த கருவிகளும் போதவில்லை. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய செயலாக இது வெளியிலிருப்பவருக்குத் தோன்றலாம். ஆனால் வேறு தீர்வு அவர்கள் கையில் இல்லை என்பதே என் கணிப்பு. குற்றமற்ற பயனர்கள் பலர் ஒரே இரவில் உரையாடல்களை இழந்தது இந்த ஏற்பாட்டின் மெய்யான விலை.

புளூஸ்கையில் அத்தகைய கூட்டுத் தண்டனை அரிது. 2024 மார்ச்சில் அந்நிறுவனம் ஓசோன் என்ற மட்டுறுத்தல் கருவியைத் திறமூலமாக வெளியிட்ட பின், எவரும் பதிவுகளுக்கு முத்திரையிடும் சேவையைத் தொடங்க முடிகிறது. எடுத்துக்காட்டாக, பிற சமூக ஊடகங்களின் ஸ்கிரீன்ஷாட்களை மட்டும் அடையாளமிடும் சேவை ஒன்று உண்டு. அதற்குச் சந்தா செய்தவர் அவற்றை மறைக்கலாம், எச்சரிக்கையோடு பார்க்கலாம், பொருட்படுத்தாமலும் விடலாம். ஆயினும் முத்திரை என்பது நீக்கம் அன்று. சட்டவிரோதமானவற்றை அகற்றும் பணி பெரும்பாலும் புளூஸ்கை நிறுவனத்திடமே உள்ளது. அதன் அதிகாரபூர்வச் செயலியில் நிறுவனத்தின் சொந்த மட்டுறுத்தல் சேவையை விலக்கவும் இயலாது. போதாக்குறைக்கு, யார் யாரைத் தடுத்துள்ளார் என்பது அங்கே பொதுத் தகவல். தொல்லைக்கு ஆளானவருக்கு இது சிறிய குறையன்று.

நாஸ்டர் என்ற இன்னொரு பரவலாக்கப்பட்ட நெறிமுறையை இந்த வரிசையில் வைத்து நீளமாக அலசத் தேவையில்லை. அங்கு அழிப்பு என்பது, பதிவுகளைச் சேமித்துக் கைமாற்றும் ரிலே சர்வர்களுக்கு விடுக்கும் வேண்டுகோள் மட்டுமே.

தனிநபருக்குப் புளூஸ்கையின் முறை வசதியானது. ஆனால் தனக்கென ஒழுங்கு வகுத்துக்கொள்ள விரும்பும் சிறு குழுவுக்கு, பெயர் தெரிந்த ஒரு நிர்வாகி பொறுப்பேற்கும் மாஸ்டடானையே பரிந்துரைப்பேன். அதற்கு அந்த நிர்வாகி விழித்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில், கவனிப்பாரற்றுத் திறந்து கிடந்த சிறு சர்வர்களில் கணக்குகளைத் தொடங்கித்தான் விஷமிகள் குப்பைப் பதிவுகளைப் பரப்பினர். அதன்பின், மட்டுறுத்துநர் எவரும் எட்டிப்பார்க்காத சர்வர்களில் திறந்த பதிவு தானாகவே ஒப்புதல் முறைக்கு மாறும்படி மாஸ்டடான் மாற்றியமைக்கப்பட்டது. நிர்வாகி சலித்துப்போய்ச் சர்வரை மூடினால், முன்னறிவிப்பு இருந்தால் பின்தொடர்வோரை வேறிடம் கொண்டுசெல்லலாம். பழைய பதிவுகள் உடன் வருவதில்லை. ஆகவே சர்வர் தொடங்கும் குழு, முதல் உறுப்பினரைச் சேர்க்கும் முன்பே இரண்டாவது நிர்வாகியைத் தேடிக்கொள்வது நல்லது.