புது கேம்ஷாஃப்ட், பழைய டப்பட்: மொறிஸ், ஒஸ்டின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினை இறக்கிச் செய்யக் கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். அப்பாவின் மொறிஸ் மைனர், 1098 சிசி. டவுனில் ஒரு கராஜில் எஞ்சினை முழுதாகச் செய்யக் கொடுத்தேன். பிஸ்டன், பேரிங், கேம்ஷாஃப்ட், டப்பட் எல்லாமே புதிது என்று பேச்சு. கேம்ஷாஃப்ட் என்பது வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு. அதில் உள்ள மேடுகள்தான் கேம். அவை சுற்றும்போது மேலே தள்ளும் சின்ன உருளைகள்தான் டப்பட். பில்லிலும் 'டப்பட் 8' என்று தனி வரியில் எழுதித்தான் காசு வாங்கினார்கள்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது நானும் பக்கத்தில் நின்றேன். எஞ்சின் பிடித்ததும் அக்சிலரேட்டர் கொடுக்காமல் அப்படியே ஐட்லிங்கில் மெதுவாக ஓட விட்டுவிட்டு, மெக்கானிக் கார்பரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கூட்டி ஓட விட வேண்டாமா என்று கேட்டேன். "புது எஞ்சின் தம்பி, ரேஸ் பண்ணக் கூடாது. மெதுவாப் பழகட்டும்" என்றார்.

இதைச் சொல்லாத கராஜ் குறைவு. ஆனால் இந்த வகைக் கேம்ஷாஃப்ட்டுக்கு இது நேர் தலைகீழ். மைனர் எஞ்சினில் டப்பட்டின் அடிப்பக்கம் கேமின் மேல் நேரடியாக உரசி ஓடுகிறது, நடுவில் ரோலர் கிடையாது. அந்த இடத்துக்கு ஒயில் பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது தெறித்துத்தான் போய்ச் சேரும். ஐட்லிங்கில் தெறிப்பது காணாது. அதனால்தான் பிடித்த கையோடு 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 2000க்கும் 2500க்கும் இடையில் கூட்டிக் குறைத்து 20 முதல் 30 நிமிடம் ஓட விட வேண்டும். கேமும் டப்பட்டும் ஒன்றோடொன்று படிவது அந்த நேரத்தில்தான். அது தவறினால் இரும்பு இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். அதன் பிறகு எந்த ஒயில் ஊற்றியும் பயனில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நாளிலேயே டப்பட் சத்தம். கராஜில் வால்வு இடைவெளியை 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) வைத்துக் கொடுத்தார்கள். திரும்பவும் சத்தம், திரும்பவும் இடைவெளி கூடியிருந்தது. உவர்மலை ஏற்றத்தில் கார் இழுக்காமல், கார்பரேட்டர் வழியாகப் 'பட் பட்' என்று துப்ப ஆரம்பித்தது. அவர்கள் சொன்ன பதில், நான் ஊற்றிய பெற்றோல் சரியில்லையாம்.

கடைசியில் உப்புவெளிப் பக்கம் உள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் டயல் கேஜை வைத்து ஒவ்வொரு புஷ்ராடும் (டப்பட்டின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் கம்பி) எவ்வளவு எழும்புகிறது என்று அளந்தார். இரண்டு மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தன. அந்த இடத்தில் புது கேம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மெனிஃபோல்டைக் கழற்றி, எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து, அந்த வழியால் டப்பட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

அதில் ஒன்றைத் துடைத்து என் கையில் தந்து, ஸ்டீல் ரூலின் விளிம்பை அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். புது டப்பட்டின் அடி மட்டமாகவே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் மேடாக இருக்கும். ரூலின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த மேட்டினால்தான் டப்பட் ஓடும்போது சுழன்றுகொண்டே இருக்கும், தேய்வும் ஒரே இடத்தில் விழாது. என் கையில் இருந்ததில் வெளிச்சம் நடுவில் தெரிந்தது. நடு குழிந்து, சுற்றிவரச் சின்னச் சின்னப் பொத்தல்கள். எட்டும் அப்படித்தான். இவ்வளவு கொஞ்ச ஓட்டத்தில் எட்டும் ஒரே மாதிரிக் குழியாது. காலாகாலமாக ஓடிய பழைய டப்பட்டைக் கழுவிப் புது கேமின் மேல் போட்டிருக்கிறார்கள். ஒயில் பில்டரை வெட்டிக் காந்தம் பிடித்தால் சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதே ஒயில்தான் புது பேரிங்குகளுக்குள்ளும் ஓடியிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

டப்பட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். "பழசும் நல்லாத்தானே இருந்தது" என்றார் முதலாளி. அப்படியென்றால் ஏன் எட்டுக்குக் காசு எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, டப்பட் காசை மட்டும் திருப்பித் தருகிறேன் என்றார். தேய்ந்துபோன கேம்ஷாஃப்ட்டுக்கும், திரும்ப எஞ்சின் இறக்கும் கூலிக்கும் பொறுப்பில்லையாம். நான் அந்தக் காசை வாங்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதையும் நாள் கடத்தாமல் கொடுங்கள். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக எழுதியிருந்ததுதான் இப்போது எனக்குக் கைகொடுக்கிறது. மொத்தமாக 'எஞ்சின் வேலை' என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

கொடுக்கும்போதே பழைய டப்பட்டுகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். புது கேமுக்குப் புது டப்பட் கட்டாயம், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பூட்டும்போது கேமின் மேல் மொலிப்டினம் பசை தடவ வேண்டும், வெறும் ஒயில் போதாது. புதிய கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கொன்வேட்டரைக் காப்பாற்றுவதற்காக, தேய்வைத் தடுக்கும் சிங்க், பொஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். அதனால் 20W-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றி, பழக்குவதற்கான சிங்க் சேர்ப்பானையும் கலக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர், கார்பரேட்டரில் பெற்றோல், டைமிங் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருந்தால்தான் முதல் சுற்றிலேயே பிடிக்கும். பிடிக்கவில்லை என்று ஸ்டார்ட்டரைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால் தடவிய பசை போய்விடும். நடுவில் எங்காவது ஒழுகினால் எஞ்சினை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும், ஐட்லிங்கில் விட்டுப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் ஒயிலும் பில்டரும் மாற்ற வேண்டும்.

இப்போது யாராவது எஞ்சினைக் கொடுத்து வைத்திருந்தால், ஸ்டார்ட் பண்ண முன் போய்ப் பக்க மூடியைத் திறந்து ஒரு டப்பட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள்.