ஸ்பிறிங்கில் எடுக்க முடியாத உயரம்: பழைய பிக்கப்பை வேறு சேசிஸில் ஏற்ற நினைப்பவர்களுக்கு

பழைய பிக்கப் ஒன்றின் பொடியைக் கழற்றிப் பிந்திய மொடல் வண்டியின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், ஏற்ற யாழ்ப்பாணத்தில் யாராவது காசு சேர்த்துக்கொண்டிருந்தால், கராஜ்காரருக்கு முற்பணம் கொடுக்குமுன் இதை வாசியுங்கள். எனக்கு 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாயும் 8 மாதமும் போனது. அதற்குப் பிறகு அதே வேலையைத் திருத்த இன்னொரு இடத்தில் 1 இலட்சத்து 85 ஆயிரம்.

வண்டி அப்பாவுடையது. ஒஸ்ரின் ஏ 40 பிக்கப், 10 அந்தர், அதாவது 500 கிலோவுக்குக் கிட்ட, ஏற்றுவது. இணுவில் தோட்டத்து வெங்காயமும் புகையிலையும் அதில்தான் சுன்னாகம் சந்தைக்குப் போனது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் எங்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். விற்க மனம் வரவில்லை. ஆனால் சேசிஸை உப்புக்காற்று தின்றுவிட்டது. பின் ஸ்பிறிங் தாங்கிக்கு மேலே சுட்டுவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அதற்குமேல் ஒட்டுப் போட இரும்பு இல்லை.

அதனால் ஒரு பழைய ஹைலக்ஸின் சேசிஸ், எஞ்சின், அச்சுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கினேன். முன்னுக்கு டோர்சன் பார், அதாவது முறுகி ஸ்பிறிங் வேலை செய்யும் இரும்புக் கம்பி, பின்னுக்குத் தகட்டு ஸ்பிறிங். ஏ 40இன் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 92.5 அங்குலம். ஹைலக்ஸ் அதைவிட 10 அங்குலத்துக்குக் கிட்ட நீளம். வெட்டிக் குறைத்து உள்ளே தகடு வைத்து ஒட்டினார்கள். அந்த ஒட்டு நல்ல ஒட்டு, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். குறை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஒருநாள் பின்னேரம் போனேன். சேசிஸ் நாலு ஸ்ராண்டில் வெறுமனே நின்றது. எஞ்சின் இல்லை, கியர்பொக்ஸ் இல்லை, பின்பெட்டி இல்லை. முன்சில்லு இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நிலையில் கபினைத் தூக்கி வைத்து, மட்காட் வளைவுக்குள் சில்லு அழகாக வரும்படி கண்ணால் பார்த்து, கபினைச் சேசிஸில் தாங்கும் மவுண்டுகளைக் கராஜ்காரர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பாரம் ஒண்டும் ஏத்தாமல் உயரம் பாக்கலாமோ?" என்று கேட்டேன்.

"தம்பி, அது பிறகு ஸ்பிறிங்கிலை எடுக்கலாம். நீங்கள் யோசிக்காதேங்கோ."

இந்த ஒரு வசனத்தை எந்தக் கராஜில் கேட்டாலும் வேலையை அந்த இடத்திலேயே நிற்பாட்டுங்கள். எனக்கு அன்று அது விளங்கவில்லை. அவர் 30 வருடம் வேலை செய்தவர், நான் என்ன சொல்வது என்று பேசாமல் வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சேசிஸ் வெறுமனே நிற்கும்போது ஸ்பிறிங்குகளில் பாரம் இல்லை, சில்லு தன் கடைசி எல்லைவரை கீழே இறங்கி நிற்கும். எஞ்சினும் கபினும் ஏறியதும் சேசிஸ் இறங்கும். என் வண்டி முன்னுக்கு 3 அங்குலம் இறங்கியது. தொங்கிய சில்லுக்குப் பொருத்திய கபின், சில்லின் மேல் போய் உட்கார்ந்தது. ஸ்ரேறிங்கை முழுதாகத் திருப்பினால் ரயர் மட்காட்டில் உரசும். சரியான பரிகாரம், ஒட்டிய மவுண்டுகளை வெட்டிக் கபினை 3 அங்குலம் உயர்த்தி மறுபடி ஒட்டுவது. இரண்டு நாள் வேலை. அவர் அதைச் செய்யவில்லை. டோர்சன் பாரின் முனையில் உயரம் கூட்டிக் குறைக்கிற போல்ட் இருக்கும், அதை எட்டுமட்டும் முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கினார். பிறகு பின்பக்கம் பதிந்து தெரிந்தது, அதையும் தூக்கினார். "புது ஸ்பிறிங் தகடு போட்டிருக்கு" என்று துண்டில் 96 ஆயிரம் எழுதிக் காசும் வாங்கினார்.

எடுத்த முதல் கிழமையே பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடிப் பார்த்தேன். தட்டை வீதி, வளைவு இல்லை. சின்னக் குழியில் முன்சில்லு விழுந்தால் போதும், ஸ்ரேறிங் என் கையை விட்டுத் தானாக ஒரு பக்கம் இழுக்கும். ஸ்ரேறிங் கம்பிகள் மட்டமாக நிற்கவேண்டியவை கீழ்நோக்கிச் சரிந்து நின்றால் சில்லு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது திரும்பும் என்பது பிறகுதான் தெரிந்தது. மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டினால் இருக்கைக்குக் கீழே நடுக்கம், ஏனென்றால் கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சைச் சுழற்றும் புறொப்பெலர் சாப்ற் நிற்கும் சரிவு மாறிவிட்டது. 1,200 கிலோமீற்றருக்குள் முன்ரயர்களின் வெளி ஓரம் மொட்டையாகிவிட்டது. திரும்பிப் போய்ச் சொன்னால், "பழைய வண்டி எண்டா அப்பிடித்தான் தம்பி, ஓட ஓடச் சரிவரும்" என்றார். மூன்றாம் தடவை போனபோது போனையும் எடுக்கவில்லை.

கோண்டாவில் பக்கம் இருக்கும் இன்னொரு மெக்கானிக் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் படுத்துப் பின் அச்சைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழும்பி ஸ்பானரை எடுத்து, அச்சை ஸ்பிறிங்கோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றினார். அச்சுக்கும் ஸ்பிறிங்குக்கும் நடுவே இரண்டு பட்டை இரும்பு, அவற்றின் நடுவே ஒரு மரக்கட்டை. பனஞ்சிலாகைத் துண்டு. கறுப்புப் பெயின்ற் பூசியிருந்தது. இடப்பக்கம் 2 அங்குலமும் முக்காலும், வலப்பக்கம் இரண்டரை. மரம் நசிந்து யூ போல்ட் ஏற்கனவே இளகியிருந்தது. அது இன்னும் இளகியிருந்தால் ஓடும்போது பின் அச்சு இடம் மாறியிருக்கும். அந்த வண்டியில் என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். எழுதும்போதும் எனக்குக் கை பதறுகிறது.

புதுத் தகடு என்றதும் பொய். ஐயா கம்பித் தூரிகையால் பெயின்றை உரஞ்சினார். கீழே பழைய துருக் குழிகளும், காஸ் விளக்கால் காய்ச்சி வளைத்த இடத்தில் நீல நிறமும் தெரிந்தன. ஸ்பிறிங் இரும்பைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் முறுக்கு போய்விடும். பார்வைக்கு வளைவு திரும்ப வரும், ஆனால் பாரம் ஏற்ற ஏற்றத் தட்டையாகும்.

ஐயா செய்த முறையை அப்படியே எழுதுகிறேன், இது தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். அவர் முதலில் கேட்டது, "வண்டி கழட்ட முன்னம் அளவு எடுத்தனீங்களோ?" நான் எடுக்கவில்லை. சேசிஸ் எடுக்கப்போகிற பிந்திய வண்டி கழற்றாமல் முழுதாக நிற்கும்போதே, மட்டமான சீமெந்துத் தரையில் வைத்து, சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே சேசிஸில் ஒரு புள்ளிவரை நாலு பக்கமும் அளந்து எழுதவேண்டும். நிலத்திலிருந்து அளக்கக் கூடாது, ரயரின் காற்றும் தேய்வும் அளவை ஏமாற்றும். அந்த அளவுதான் சேசிஸின் சொந்த உயரம், ஸ்ரேறிங் கம்பிகளும் சில்லைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளும் அந்த நிலைக்கென்றே செய்யப்பட்டவை. அதை மாற்றக் கூடாது. நாங்கள் மாற்றவேண்டியது கபின் நிற்கும் உயரத்தை, அதுவும் மவுண்டில்.

அதேபோல இன்னொரு ஹைலக்ஸைத் தேடி அளவு எடுத்தோம். டோர்சன் பார் போல்ட்டைத் தளர்த்தி, சொக் (அதிர்வு தாங்கி) இருந்த இடத்தில் அந்த அளவுக்கு வெட்டிய இரும்புக் கம்பிகளைப் பூட்டி, சேசிஸை அசையாமல் நிறுத்தினார். ஓடப்போகிற அதே ரயரைப் பூட்டச் சொன்னார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கபினைப் பலகைத் துண்டுகளில் ஏற்றி இறக்கி, சில்லு வளைவுக்குள் சரியாக வந்ததும் முதலில் புள்ளி ஒட்டு மட்டும். பொனற் எஞ்சினில் முட்டுகிறதா, ஸ்ரேறிங் சாப்ற் நேராக வருகிறதா என்று பார்த்த பிறகே முழு ஒட்டு. புதுத் தகடுகள் பூட்டி, ராங்கில் டீசல், ஸ்பெயார் ரயர், பின்பெட்டி எல்லாம் ஏற்றி 200 கிலோமீற்றர் ஓட விட்டார். ஸ்பிறிங் படிந்த பிறகு இடம் வலம் இருந்த கால் அங்குல வித்தியாசத்தை மட்டும் போல்ட்டில் எடுத்தார். கடைசியாக வீல் அலைன்மென்ற், பிறகு முன்விளக்கு. உயரம் மாறினால் இரண்டும் மாறும், முதலில் அலைன்மென்ற் செய்தால் அந்தக் காசு வீண்.

வெறும் வண்டி பின்பக்கம் கொஞ்சம் தூக்கித்தான் நிற்கிறது. முதல் கராஜ்காரர் வடிவுக்காக அதையும் மட்டமாக்கப் பார்த்தவர். பிக்கப் என்றால் அப்படித்தான் நிற்கவேண்டும். 10 அந்தர் வெங்காயம் ஏற்றினால் எங்கே வந்து நிற்கும் என்பதுதான் கணக்கு.

சேசிஸ் இலக்கம் பற்றியும் சொல்லவேண்டும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அது இருக்கிறது. சேசிஸை மாற்றினால் புத்தகமும் வண்டியும் பொருந்தாது. இரும்பை வெட்டுமுன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நேரே போய்க் கேளுங்கள், கராஜ்காரர் "பாத்துக்கொள்ளலாம்" என்பதை நம்பவேண்டாம். துண்டில் எழுதித் தருகிற கணக்கையும் நம்பவேண்டாம். பழைய தகட்டைக் கையில் தரச் சொல்லுங்கள், புதியதைப் பெயின்ற் அடிக்குமுன் காட்டச் சொல்லுங்கள்.

அந்தக் கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. போன கிழமை அந்த வழியால் போனபோது ஒரு மொறிஸ் மைனர் பிக்கப்பின் கபின் கழற்றி வைத்திருந்தது, பக்கத்தில் வேறு ஒரு சேசிஸ் ஸ்ராண்டில் வெறுமனே நின்றது. அது உங்களுடையது என்றால் நாளைக் காலையே அளவு நாடாவோடு போங்கள். மவுண்ட் இன்னும் ஒட்டவில்லை.